பலகை நிலாவில் எடுத்த படம்

நிலவுக்கு மனிதன் போனது பொய் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். படம் பிடித்தே பிழைத்தவன் நான். இலங்கையில், மாத்தளை டவுனில் எங்கள் ஸ்டூடியோவில் பலகையில் வெட்டி வெள்ளையடித்த பிறைநிலா ஒன்று இருந்தது. பின்னால் நட்சத்திரம் வரைந்த கறுப்புத் திரை. புதுச் சோடிகள் அதில் உட்கார்ந்து படம் எடுக்காமல் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பமாட்டார்கள்.

அதைக் காட்டித்தான் பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, என்னை வம்புக்கு இழுப்பார். "அமெரிக்காக்காரனும் இப்படித்தான் தம்பி எடுத்திரிக்கான். அவன்ட படத்துல ஒரு நட்சத்திரமாச்சும் இரிக்கா? ஒங்கட திரையிலயாவது இரிக்கு!"

எனக்குச் சுர்ரென்று ஏறும். "ஒங்க மக கல்யாணத்துக்கு ராத்திரி வெளக்குப் போட்டு வாசல்ல எடுத்தேனே நானா, அதுல நட்சத்திரம் தெரிஞ்சிச்சா? வெயில்ல பளீர்னு இருக்கிற தரைக்கும் வெள்ளை உடுப்புக்கும் ஏத்த மாதிரி கெமராவ வச்சா மங்கல் வெளிச்சம் படத்துல விழாதுங்க."

காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது என்பார். மேல் விளிம்பில் கம்பி கோத்திருந்தார்கள், ஊன்றும்போது அசைந்தது, அசைவைத் தணிக்கக் காற்றும் இல்லை என்பேன். நிழல்கள் ஏன் கோணலாக விழுந்தன என்பார். பின்னேரத்தில் தேயிலை மலையைப் போய்ப் பாருங்கள், மேடுபள்ளத்தில் எந்த நிழல் ஒழுங்காக விழுகிறது என்பேன். "பொய்யா இருந்தா, போட்டிக்கு நின்ன ரஷ்யாக்காரன் சும்மா விடுவானா?" என்று கத்துவேன். அவர் சிரிப்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு.

ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் காலை தோட்டத்துப் பெண்ணொருத்தி எங்கள் ஸ்டூடியோப் படமொன்றைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். முந்தின வருடம் அவளும் புருசனும் பலகை நிலாவில் எடுத்துக்கொண்டது. யட்டவத்த ஊருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அவனை யாரோ இறக்கிக் கொண்டுபோய் ஒன்பது நாளாகியிருந்தது. கல்யாணம் பதியவில்லை. அவன் மனைவி என்று காட்ட அவளிடம் அந்தப் படம்தான் இருந்தது.

"பொலிஸ்ல முறைப்பாடு எழுதமாட்டேங்கிறாங்க அண்ணே. நெலாவுல இருக்கிறவன எங்க போய்த் தேடுறதுன்னு சிரிக்கிறாங்க. படமே பொய்யாம்."

நிலா பொய்தான். அதிலிருந்து விழுந்துவிடுவோமோ என்று அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தானே, அவனுமா பொய்?

நான் நெகட்டிவைத் தேடி எடுப்பதற்குள் நானா கடையை இழுத்துச் சாத்திவிட்டார். படம் எடுத்த அன்று அவளுக்குச் சேலை வாங்கியது அவர் கடையில்தான். "வா மகள், ரெண்டு பேரையும் என்ட கண்ணால பாத்தவன் நான். நான் சாட்சி செல்றேன்" என்று முன்னால் நடந்தார். நானும் போனேன். பொலிஸில் மேசையில் தட்டித் தட்டிச் சிங்களத்தில் பேசினார். கடைசியில் எழுதிக்கொண்டார்கள். படத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நானா நிலவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறேன். நிலவுக்குப் போனவர்கள் வீடு திரும்பினார்கள். யட்டவத்த பஸ்ஸில் ஏறியவன் திரும்பவில்லை.