அது பூவோட பேரு, சார்

என் மகளுக்குத் தியாரே என்று பெயர் வைத்தது நான்தான். அப்போது ஏலமலையில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், ஏழு மாத வயிற்றோடு. எங்கோ நடுக்கடல் தீவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண், தோட்டத்து வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து என் காதோரம் செருகினாள். அவள் ஊரில் இதே இனத்துப் பூவுக்குத் தியாரே என்று பெயராம். பெண்பிள்ளைகளுக்கும் வைப்பார்களாம். சூப்பர்வைசர்தான் தமிழில் எடுத்துச் சொன்னார். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் நாலு பிள்ளைகள் திரும்பும். என் பிள்ளை தனியாகத் தெரியட்டும் என்று எனக்கு ஒரு திமிர்.

தெரிந்தது. பதினெட்டு வருஷம் கழித்து, நர்சிங் சீட்டுக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது, மலையாளத்துக் கிளார்க் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தார்.

"இது கிறிஸ்டியன் பேர் அல்லே?"

"அது பூவோட பேரு, சார்."

அவர் சிரிக்கவில்லை. வில்லேஜ் ஆபீசர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றார். மதம் மாறியவர்கள் என்று எழுதிவிட்டால் எங்கள் சாதிக்கு ஒதுக்கிய இடம் கிடையாது. அவள் சீட்டும் போச்சு.

அந்த வாரமே யாரோ பக்கத்து வீட்டில் வந்து, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. எங்கள் சாமி ஏலக்காட்டில் மரத்தடியில் இருக்கும் கல். கிடா வெட்டிக் கும்பிடுவோம். வீட்டுக்குள் வைக்கக் கூடாத சாமி. கல்லைக் காட்டினால் ஆபீசர் நம்புவாரா என்று பயம். எங்கள் புத்தி புல் மேயப் போயிருந்தது. அவர் வரும் நாள் காலையில் என் வீட்டுக்காரர் பூப்பாறைக் கடையில் மூன்று படம் வாங்கி வந்து ஆணி அடித்தார்.

"வேணாம்மா. காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நம்ம சாமியவே காட்டுவோம்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு" என்றேன்.

ஆபீசர் மரியாதையானவர். கொடுத்த டீயைக் குடித்தார். தீவுக்காரி, காதோரம் செருகிய பூ, எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியபடி நோட்டில் எழுதிக்கொண்டார். நம்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. எழுந்தவர் படங்களைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். சுவரோரம் ஆணி அடித்த சிமெண்ட் தூள் கிடந்தது. கூட்ட மறந்திருந்தேன்.

"இந்தப் படமெல்லாம் எத்தனை நாளா இங்க இருக்கு?"

"கல்யாணம் ஆன நாள்லருந்தே இருக்கு, சார்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் மறுபடி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பூவைப் பற்றி எழுதியிருந்த வரிகளைக் குறுக்கே அடித்தார்.