மூன்று ஷிப்டில் ஒரு பள்ளிக்கூடம்

வீராசாமி வீட்டுச் சுவரில் ஒரே ஒரு காலண்டர்தான் தொங்கும். பாடியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை வருடா வருடம் கொடுக்கும் ஷிப்ட் காலண்டர் அது. எந்த வாரம் காலை ஷிப்ட், எந்த வாரம் மாலை, எந்த வாரம் இரவு என்று அச்சடித்திருக்கும். அந்தக் கட்டங்களுக்குள் அவர் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிவைத்திருப்பார்: பின்னம், ஒளிச்சேர்க்கை, மௌரியர், ஆங்கிலத்தில் இறந்தகாலம். மாதத்துக்கு மூன்று கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருப்பார்.

அவருடைய மகள் வடிவுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வேறு மாணவர்கள் கிடையாது.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1991இல் நான் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருந்த அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். வீராசாமி குடும்பம் எதிர்வீடு. எந்த ஊரிலும் பத்து மாதத்துக்கு மேல் தங்காதவள் நான். அடுத்த பிப்ரவரியில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்து வைத்திருக்கும் மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை.

வடிவுக்கு வலிப்பு வரும். இரண்டாம் வகுப்பில் மூன்று முறை வகுப்பிலேயே விழுந்தாள். மூன்றாம் முறை பெஞ்சில் மோதி முன்பல் உடைந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லானதும் கூட்டியாங்க" என்றார்கள். வீராசாமி ஒரு வருடம் காத்திருந்தார். மாத்திரையில் வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

"நல்லானதும்னா எந்தத் தேதின்னு போய்க் கேட்டேன் தங்கச்சி. அவங்களாண்ட தேதி இல்ல. எங்கிட்ட காலண்டர் இருந்துச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணக்கு தொடங்கும். மாலை ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அறிவியலும் ஆங்கிலமும். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்குவார், வடிவு வாய்க்குள்ளேயே செய்யுள் மனப்பாடம் செய்வாள். சாயங்காலம் அம்மா கெங்கம்மாள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனியிலிருந்து வந்ததும் அதை ஒப்பிக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்ற கெங்கம்மாள் இப்படியே எட்டாவது தமிழ்ப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டாள்.

"ஊட்டையே கம்பெனி ஆக்கிட்டாரு. அட்டை பஞ்ச் பண்ணாத்தான் இங்க சோறு" என்பாள்.

காலிக் கட்டங்கள் வலிப்புக்கு. வலிப்பு வந்த அன்றும் மறுநாளும் கணக்கு கிடையாது, விட்டுப்போன பாடம் காலிக் கட்டத்துக்கு நகரும். "மிஷின் ரிப்பேருக்கு ஒதுக்கற நாளு" என்று வீராசாமி விளக்கினார். "நான் இன்னா லேத் மிஷினா நைனா?" என்று வடிவு உள்ளேயிருந்து கேட்டாள். "லேத்து இப்பிடி எதுத்துப் பேசாது" என்றார் அவர்.

தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வண்டி என்ஜினுக்காகக் கடைந்து வரும் இரும்புப் பின்களை அளந்து பார்த்து, சரியானதற்குப் பச்சைப் பெயிண்டும் தவறானதற்குச் சிவப்புப் பெயிண்டும் வைப்பது அவர் வேலை. வீட்டில் வடிவின் நோட்டுக்கும் அதே இரண்டு நிறத்தில் பென்சில் வைத்திருந்தார். அந்த நோட்டுகளுக்கு ஒரு விதி உண்டு. சந்தேகமாக இருக்கும் விடையை அப்படியே விடக்கூடாது. குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, அவரிடம் வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் திட்டு கிடையாது, பாராட்டு உண்டு. "சந்தேகமான பீஸு டேபிள விட்டு நகரக்கூடாது. லாரில ஏறி ஒருத்தன் வண்டிக்குள்ள போயிட்டா அப்பால இன்னா பண்ணுவ?" வடிவு எட்டு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். அவள் அடித்த விடைகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும்.

எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவருடைய ஐந்து வருடப் பாடத்திட்டம் முழுவதும் அந்தத் தேர்வை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு என்ன என்பது அந்த வருடம்தான் தெளிவானது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ராஜம்மா என்று ஒரு தலைமையாசிரியை இருந்தார். வீராசாமி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எட்டாவது சர்டிபிகேட் எடுத்துட்டு ஜூன்ல வாங்க, ஒன்பதாவதுல சேர்த்துக்கறேன். விழுந்தா விழட்டும். தூக்கறதுக்கு நாப்பது பொண்ணுங்க இருக்காங்க" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருடம் தனக்கு ஓய்வு. பின்னால் வருபவர் எப்படிப்பட்டவர் என்று தன்னால் சொல்ல முடியாது.

ஆக, இந்த ஜூனை விட்டால் வேறு ஜூன் இல்லை. ஏதாவது ஒரு பாடத்தில் தவறினாலும் சான்றிதழ் கிடையாது.

1992 ஏப்ரலில் திருவள்ளூரில் தேர்வு, ஐந்து நாட்கள். வீராசாமிக்குக் காலை ஷிப்ட். லீவு எடுத்திருக்கலாம். "நான் வெளிய நின்னா அது கதவையே பாத்துகினு இருக்கும். நீ கூட்டினு போ தங்கச்சி" என்று என்னிடம் ஒப்படைத்தார். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். நான்கு வரிகள், வரிசை எண்ணோடு.

திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம். ரயிலில் வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ஸ்டேஷன் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். ஊரில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எங்கோ போகிறார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. முடிந்த பேப்பரைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வீராசாமியின் திட்டம். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். புதன்கிழமை கணக்கு. அன்று அவரால் முடியவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்திய கையோடு வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். வடிவு எழுதிய கேள்விகளுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருந்தாள். ஆறு கேள்விகளுக்குப் புள்ளி இல்லை.

"இதெல்லாம் இன்னா, தெரிலயா?"

"போட்டேன் நைனா. அடிச்சிட்டேன்."

"இன்னா விடை வந்துச்சு, சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் வினாத்தாளின் பின்பக்கத்தில் ஆறு கணக்கையும் போட்டுப் பார்த்தார். முடித்துவிட்டு இன்னொரு முறை போட்டார். ஆறில் ஐந்து சரி. மற்ற கேள்விகளை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் கணக்கில் எப்படியோ தேறிவிடுவாள் என்று தெரிந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"சரியாத்தான போட்டுகீற. ஏன் அடிச்ச?"

"சரின்னு உறுதியாத் தெரில. சந்தேகம்னா டேபிள விட்டு நகரக்கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"தமிழ்ல?"

"ரெண்டு."

"இங்கிலீஷ்ல?"

வடிவு என்னைப் பார்த்தாள். "எண்ணல" என்றாள்.

அப்போதுதான் உள்ளே நுழைந்த கெங்கம்மாள் செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். "நல்லா சொல்லிக் குடுத்த போ. திருத்தறவங்க இன்னா அதத் தூக்கினு உன் டேபிளாண்ட வந்து சந்தேகம் கேப்பாங்களா?"

மறுநாள் அறிவியல். வடிவு எதைப் படித்தாலும் சந்தேகப்படும் பாடம் அது. வீட்டில் அவள் அறிவியல் நோட்டில் பாதிப் பக்கம் குறுக்குக் கோடாகத்தான் இருக்கும். நாளையும் அப்படி அடித்தால் தேற வழியே இல்லை. ராத்திரி முழுக்கப் படிக்கச் சொன்னாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் குறை படிப்பில் இல்லை. வீராசாமி எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமைக் கட்டத்தில் எல்லாம் எழுதியிருந்தது, இது எழுதியிருக்கவில்லை.

பிறகு கேட்டார். "கம்பெனில மூணாவதா ஒரு பெயிண்டு கீதுன்னு சொல்லிகீறனே, ஞாபகம் கீதா?"

"மஞ்சள். டீவியேஷன்" என்றாள் வடிவு. "அளவு முடியளவு தப்பாப் போன பீஸு. வேலைக்கு ஆவும்னு எஞ்சினியர் கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாம். சோம்பேறிங்க பெயிண்டுன்னு சொல்லுவ. பதினாலு வருசத்துல நீ ஒண்ணுக்குக்கூட வெச்சதில்லன்னு சொல்லுவ."

"ஆமா." அவர் வினாத்தாளை மடித்து வைத்தார். "நாளைக்கு சந்தேகமா வர்றது அத்தனையும் மஞ்சள்ல அனுப்பு. அடிக்காத."

"தப்பா இருந்தா?"

"தப்பாவே போவட்டும்."

"யாரு கையெழுத்து?"

"நான் போடறேன்."

வடிவு சிரிக்கவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து அவருடைய சிவப்புப் பென்சிலை எடுத்து, அது ஏதோ சொல்லப்போகிறதுபோல் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அவள் கையெல்லாம் மை. வழக்கமாக அரை மணி முன்னாலேயே முடித்துவிடுகிறவள் அன்று கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தாள். ரயிலில் ஸ்டேஷன் பெயர் படிக்கவில்லை. வீட்டில் வீராசாமி ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தினி மஞ்சள்?"

"பதினொண்ணு."

அவர் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் வெந்நீர் வைக்க எழுந்து போய்விட்டார்.

ஜூன் முதல் வாரம் மதிப்பெண் பட்டியல் தபாலில் வந்தது. ஐந்திலும் தேறியிருந்தாள். அறிவியலில் ஐம்பத்திரண்டு. அந்தப் பதினொன்றில் எத்தனை சரி என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வீராசாமிக்கு அது பல நாள் உறுத்தியது. "ஒண்ணுகூட தேறாம இருந்தாலும் இருக்கும்" என்று அவர் சொல்வார். "பதினொண்ணும் தேறியும் இருக்கும்" என்று கெங்கம்மாள் சொல்வாள்.

பள்ளியில் சேர்க்கும் நாள் இரவு ஷிப்ட் வாரம். வேலை முடிந்து வந்தவர் தூங்கவில்லை. குளித்துவிட்டு, காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு, வடிவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். ராஜம்மாவின் மேசைமேல் சான்றிதழை வைத்தார். அதன்மேல் அந்த நான்கு வரி அட்டையை வைத்தார். அதோடு நிற்காமல் இரண்டு முழுநீளத் தாள்களையும் வைத்தார். ஐந்து வருடத்தில் எந்தெந்தப் பாடம் நடத்தினார், எது அரைகுறை, எது தனக்கே விளங்காமல் தாண்டிப் போனது என்று பட்டியல் போட்டிருந்தார்.

"நான் சொல்லிக் குடுத்தது எல்லாம் சரியான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "வலிப்பும் முழுசா நிக்கல. எனக்கு சந்தேகம் நெறைய கீது. இருந்தாலும் அனுப்பறேன்."

ராஜம்மா அட்டையை மட்டும் எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், வீராசாமியின் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தாங்க அனுப்பறாங்க" என்றார். "நீங்க போய்த் தூங்குங்க."

வடிவு அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.