மதினி வரைந்த எழுத்துகள்

ஹார்ட் டிஸ்க் என்னும் வட்டில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி காட்டி அந்தக் கணினி நின்றபோது, மதினியின் முகம் திரையில் பாதிதான் வந்திருந்தது. எண்பதுகளின் கடைசி. தென்காசியில் ஓர் அச்சகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். முதலாளியை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். மதினி மஞ்சள் காமாலையில் போய் ஓராண்டு ஆகப்போகிற நேரம் அது. நினைவு நாளுக்குக் கார்டு அடிக்க அவள் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கணினியே அவள் பிடிவாதத்தால் வந்ததுதான். கீழப்பாவூர்க்காரி, கணினியோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தானாகவே பழகிக்கொண்டாள். நினைவகம் போதாமல் போனால் கணினி செய்துகொண்டிருக்கும் வேலையில் ஒரு பகுதியை வட்டில் இறக்கி வைக்கும், அதற்கு ஸ்வாப் ஃபைல் என்று பெயர், வட்டு நிறைந்துவிட்டால் அது முடியாமல் நின்றுபோகும் என்பதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவள். "இதுக்கும் கை காலை நீட்ட இடம் வேணும்ட்டி" என்பாள். தினமும் காலையில் முடிந்த வேலைகளை இரக்கமில்லாமல் அழிப்பாள். "தாலி கட்டியாச்சுல்லா, இனி அந்தப் பத்திரிகை எதுக்கு?"

ஒன்றை மட்டும் அவள் அழித்ததில்லை. கணினிக்கென்று விலைக்கு வந்த தமிழ் எழுத்துகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. "கம்பிய வளைச்சு வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாத மதியங்களில் திரையில் புள்ளி புள்ளியாகத் தானே எழுத்துகளை வரைந்தாள். அவள் 'து' சுழித்துக் கீழிறங்கும் அழகை இப்போதும் என்னால் சொல்லமுடியும். இன்று கைப்பேசியில் எத்தனையோ விதமான தமிழ் எழுத்துகள் வருகின்றன. அந்தத் 'து' எதிலும் இல்லை.

அன்றைக்கு அழிக்கக்கூடியதை எல்லாம் அழித்துப் பார்த்துவிட்டேன். மிச்சம் இருந்தது அந்த எழுத்துகள்தான்.

"பிளாப்பில ஏத்திட்டு அழிச்சிரலாம் அண்ணாச்சி" என்றேன்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில், வேலைகளை நகலெடுத்து வைக்கும் பிளாப்பித் தகடுகள் பூஞ்சை பிடித்துப் பல வேலைகள் வீணாகியிருந்தது அவருக்கும் தெரியும்.

"அவ எழுத்த அழிச்சுட்டு அவ படத்த அடிக்கணுமாக்கும்? வேண்டாம்மா. படத்த எடுத்துரு. அவ எழுத்துலயே அடி."

'நினைவஞ்சலி' என்று அடிக்கப் போனேன். நடுவில் வெறும் கட்டம் வந்தது. அதிகம் தேவைப்படாது என்று 'ஞ'வைக் கடைசிக்கு வைத்திருந்தாள், அதற்குள் படுத்துவிட்டாள்.

"நான் வரைஞ்சு சேத்துருதேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி திரையில் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "வேண்டாம். அவ வச்சுட்டுப் போனதுல என்ன எழுத முடியுமோ, அத எழுது."

மதினியின் பெயரையும், அதன் கீழே 'உன்னை நினைத்து' என்ற இரண்டு சொற்களையும் அடித்தோம். படம்கூடப் போடாமல் என்ன கார்டு இது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். 

அடுத்த மழைக்காலத்தில் ஓர் இடி விழுந்து வட்டு சுழலாமல் போனது. அதற்குமுன் அவருக்குச் சொல்லாமல் அந்த எழுத்துகளை நான் ஏற்றிவைத்திருந்த பிளாப்பியும் பூஞ்சை பூத்துப்போயிருந்தது. வட்டைக் கழற்றிக்கொண்டு இருவரும் மதுரைக்குப் போனோம். அங்கே கணினிக் கடைக்காரர் ஏதேதோ செய்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணாச்சி ஒன்றைத்தான் கேட்டார். "எல்லாம் அழிஞ்சு போச்சா, இல்ல உள்ளதான் இருக்கா?"

"உள்ள இருக்கும் சார். படிக்கத்தான் வழியில்ல. வச்சுட்டுப் போங்க, புதுசு போட்டுத் தாரேன்."

அண்ணாச்சி வட்டைக் கொடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுற்றிக்கொண்டார். பஸ் தென்காசிக்கு வந்து சேரும்வரை மடியை விட்டு அதை இறக்கவே இல்லை.