ஈசானிய மூலையில் முதல் விதை

ரத்னம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். திருப்பதியை அடுத்த ஏர்பேடு பக்கத்திலிருந்த ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலியாய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியும் அது துளிகூடக் குறையவில்லை. வேலையும் அப்படித்தான், அவள் கை வைத்தால் சுத்தம்.

2011-ல் அவள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இளசுகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேனில் ஏறிப் போக, மற்றவர்கள் பெங்களூரு கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் புருஷன் சிரஞ்சீவியும் அங்கேதான் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். "நீயும் வந்துடு, மண்ணு சுமந்தாகூட பொழைச்சுக்கலாம்" என்று போனில் நச்சரிப்பான். "நீ சுமந்துக்கினு இரு. எனக்கு இங்க வேலை கீது" என்று பட்டென்று வைத்துவிடுவாள்.

என்ன வேலை தெரியுமா? வேர்க்கடலைக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற வேலை! ஒரு ரகம் நன்றாகக் காய்க்கும். ஆனால் மூணாம் மாசம் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து கொட்டிப்போகும். இன்னொன்று சொத்தைக் காய். ஆனால் ஒரு இலையில்கூடப் புள்ளி வராது. சாயங்காலம் தரையில் குந்தி, அரிசி மாதிரி இருக்கிற மொட்டைச் சாமணத்தால் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுப்பாள். விடிந்ததும் மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவாள். அப்படிப் பிறந்த செடிகளிலிருந்து ஏழு வருஷத்தில் நூற்று அறுபத்தெட்டு வம்சம் எடுத்தார்கள். "அத்தினியும் என் புள்ளைங்க" என்பாள்.

விஞ்ஞானி விஷ்ணுப்ரியா திருப்பதிக்காரி, கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். "நோயைத் தாங்குற குணம் செடியோட டி.என்.ஏ.ல எந்த இடத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா போதும் ரத்னம்மா. அப்புறம் மூணு இலை விட்டதுமே ஒண்ணைக் கிள்ளிப் பார்த்து, இது தேறும், இது தேறாதுன்னு சொல்லிடலாம்" என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். வருஷா வருஷம் தன் சொந்த ஒரு ஏக்கர் கடலை அந்த நோயில் கருகுவதைப் பார்த்தவளுக்கு அது தேனாய் இனித்தது.

அன்றைக்கு மத்தியானம் ரத்னம்மா ஆபீஸ் அறைக்குள் போனால், விஷ்ணுப்ரியா மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறாள்.

"என்னா மேடம், உடம்புக்கு என்னா?"

"எல்லாம் போச்சு ரத்னம்மா." லேப்டாப்பைத் திருப்பினாள். "இந்தக் கோடு எங்கேயாவது மலை மாதிரி ஏறணும். ஏறுற இடத்துலதான் நாம தேடுறது இருக்கும். பாருங்க, செத்த பாம்பாட்டம் கிடக்கு. திருப்பதி லேப்ல தொட்டியில வளர்த்த செடியோட டி.என்.ஏ. ஒண்ணு சொல்றது, வயல்ல நாம போட்ட நோய் மார்க்கு வேற சொல்றது. நாளைக்கு ஹைதராபாத் கமிட்டி வருது. மூடிட்டுத்தான் போவாங்க."

மேஜையில் வயலின் வரைபடம் விரித்திருந்தது. ரத்னம்மா சும்மா குனிந்து பார்த்தாள்.

"மேடம், ஒண்ணாம் நெம்பரு வாசக் கேட்டாண்டயா கீது?"

"ஆமாம், தென்மேற்கு மூலை. ஏன்?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விதைத்த அன்று மேடம் ஊரில் இல்லை. பண்ணை மேலாளர் தாமோதரன் பாக்கெட்டுகளைக் கொடுத்து, "ஒண்ணுலேருந்து வரிசையா போட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முதல் விதை ஈசானிய மூலையில் விழணும், இதை யாராவது சொல்லித்தரணுமா? அவள் வடகிழக்கில் ஆரம்பித்துவிட்டாள். மறுநாளே வரப்பில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டு, புத்தூரில் கட்டுப் போட்டு மூணு வாரம் படுத்துவிட்டாள். நம்பர் பலகையை வேறு ஆட்கள் வரைபடம் பார்த்து, கேட்டிலிருந்து நட்டிருக்கிறார்கள்.

வாயைத் திறந்தால் தொலைந்தாள். ஒரு பாக்கெட் மாறிப்போனதற்கே போன வருஷம் ஒருத்தியின் பெயரைக் கூலிப் பதிவு மஸ்டரில் அடித்தவர் தாமோதரன். அப்புறம் பெங்களூருதான், மண்சட்டிதான். திறக்காவிட்டால் கடலை ஆராய்ச்சியை மூடி அவளைக் கரும்பு வயலுக்கு மாற்றுவார்கள், வேலை நிலைக்கும். ஆனால் அத்தனை பிள்ளைகளும் குப்பைக்குப் போகும்.

"மேடம், தப்பு என்மேலதான்!" என்று போட்டு உடைத்தாள். "நான் ஈசானியத்துலேருந்து விதைச்சுட்டேன். உங்க கடைசிதான் என் மொதலு!"

விஷ்ணுப்ரியா எழுந்து நின்றுவிட்டாள். "நிச்சயமா?"

"இருபத்திமூணாம் பாக்கெட்டு விதை ரத்தச் சேப்பு மேடம். மத்ததெல்லாம் வெளுப்பு. தோண்டிப் பாத்துடலாம், வா!" பதற்றத்தில் மரியாதையும் போயிற்று.

இருவரும் ஓடினார்கள். பலகை இருபத்திமூன்றில் ஒரு செடியைப் பிடுங்கி உடைத்தால் வெளுத்த பருப்பு. "நூத்தி அறுபத்தெட்டோட ஒண்ணைக் கூட்டி, அதுல இருபத்திமூணு போனா..." விஷ்ணுப்ரியா செருப்பை வரப்பில் விட்டுவிட்டு நூற்று நாற்பத்தாறுக்குப் பாய்ந்தாள். பிடுங்கினாள், உடைத்தாள். உள்ளே பருப்பு செக்கச்செவேல்!

"ஐயோ பெருமாளே!" என்று கத்தியபடி மண் கையோடு ரத்னம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

நம்பரையெல்லாம் தலைகீழாக மாற்றிப் போட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டினார்கள். கோடு படுத்தபடியே வந்தது, வந்தது, ஓரிடத்தில் சர்ரென்று ஏறியது! "ஏறுது மேடம், ஏறுது!" என்று ரத்னம்மா போட்ட கூச்சலில் பண்ணையே கூடிவிட்டது.

தாமோதரனும் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "மேடம் சொன்னாலும் சரி, சட்டம் சட்டம்தான்" என்று சொல்லி, விஷ்ணுப்ரியா எவ்வளவோ மன்றாடியும் கேட்காமல், ரத்னம்மாவின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்.

மறுநாள் காலை, ரத்னம்மா கூப்பிடாமலே வயலுக்கு வந்து நின்றாள். கமிட்டித் தலைவர் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாய் வரிசைகளைச் சுற்றி வந்து, தெலுங்கில் கேட்டார், "யாரும்மா விதைச்சது?"

"நேனே சார்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

விதைப்பு தலைகீழானதையும் நம்பரை மாற்றிப் போட்டதையும் விஷ்ணுப்ரியா சொல்ல, அவர் கேட்டுக்கொண்டார். பிறகு விஷ்ணுப்ரியாவிடம், "கோடு ஏறுற மேடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பருவத்தை வெச்சு நம்ப மாட்டோம். இன்னொரு தடவை விதைச்சு, இதே இடத்துல ஏறணும். அதுக்கு அனுமதி தரேன்" என்றார். தாமோதரன் பக்கம் திரும்பினார். "ஒரு விதைகூட மாறக்கூடாது. யாரை நம்பி விடப்போறீங்க?"

தாமோதரன் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். மஸ்டரைப் புரட்டினார். சிவப்பு மையில் அடித்த வரியில் நிறுத்தினார்.

"ரத்னம்மாதான் சார்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.