பைக்குள் கேட்ட சத்தம்

முதன்முதலாக நான் எட்டிப் பார்த்தபோது, ஏழு பேர் ஆளில்லாத இடத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரில் யாரோ நிற்பதைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். குனிந்தார்கள், விலகினார்கள், எதற்கோ தப்பித் தலையை இழுத்துக்கொண்டார்கள், மறுபடி குத்தினார்கள். பேச்சே இல்லை. மூக்கு வழியாக விடும் மூச்சு மட்டும் ஸ், ஸ் என்று கேட்டது. சுவரில் இருந்த சின்னப் பெட்டி ஒன்று ‘பீப்’ என்றதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தொங்கவிட்டார்கள். மூடிப்போன அரிசி ஆலையின் கிடங்கு அது. உத்தரத்தில் பழைய தவிட்டுத் தூசி இன்னும் படிந்திருந்தது. வந்த வழியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

திரும்பியும் இருப்பேன், அன்று மத்தியானம் ஆபீஸில் மானம் போகாமல் இருந்திருந்தால். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆபீஸில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை எனக்கு. பக்கத்து நாற்காலிக்காரர் பீரோவின் மேல் தட்டில் இருந்த ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். நான் இரண்டு உள்ளங்கையாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் என் உடம்பு அவர் பேச்சைத்தான் கேட்கிறது என்று அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்பாவைப் பற்றி நாலு பேரைக் கேட்டால் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குடிக்கமாட்டார், கத்தமாட்டார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசையில் உட்காருவார். அவரிடம் ஒரு தகரப் பொடி டப்பி இருந்தது. யாரை அடிக்க வேண்டும் என்றாலும் முதலில் அந்த மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். பொடியை உறிஞ்சுவார். துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு எழுந்து வருவார். அடியை விட அந்த இரண்டு தட்டுக்கும் அவர் எழுந்திருப்பதற்கும் நடுவில் இருந்த நேரம்தான் எங்களுக்குப் பெரிது. அவரை அடக்கம் செய்த அன்று, அந்த டப்பியைச் சவப்பெட்டியில் அவர் கைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொன்னார். மகராசி, புருஷனுக்குப் பிடித்ததைக் கூடவே அனுப்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

கிடங்கில் குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தது ஒரு பெண். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர், என்னைவிட எட்டு வயதாவது சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, சேர்றீங்களா, சும்மா பாத்துக்கினு நிக்க வந்தீங்களா?” என்றார். சேர்கிறேன் என்று என் வாய் முந்திக்கொண்டது.

“அப்ப வெள்ளிக்கிழமை வாங்க. வரும்போது ஒரு மூட்டை பழந்துணி கொணாங்க. பருத்தியா இருக்கணும். பொத்தான், கொக்கி, ஜிப்பு எல்லாத்தையும் வெட்டிடுங்க, இல்லாட்டி கைய கிழிச்சிடும்.”

குத்துகிற பைக்குள் பழந்துணிதான் அடைத்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குத்தக் குத்தத் துணி இறங்கி மேல்பாதி தொளதொளத்துப் போகுமாம். புதிதாகச் சேருகிறவர் தன் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து அதை நிரப்ப வேண்டும். நிரப்பியவர்தான் முதலில் குத்த வேண்டும். அங்கே அப்படி ஒரு வழக்கம். “அவங்கவங்க வூட்டுத் துணிய அவங்கவங்கதான் மொதல்ல குத்தணும்” என்றார் மாஸ்டர்.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டில் பழந்துணிக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் துணி மொத்தமும் ஒரு டிரங்குப் பெட்டியில் அப்படியே கிடந்தது. இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கோயிலில் எத்தனையோ தடவை கேட்டார்கள். அம்மா அசையவே இல்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். “குடுத்துட்டா எவனாச்சும் அந்தச் சட்டைய போட்டுக்கினு தெருவுல முன்னால போவான். பின்னாலருந்து பாத்தா எனக்கு எப்டி இருக்கும்?” அதனால், பையில் போட்டுத் தைத்துவிடுவார்கள், எவனும் போட்டுக்கொள்ள முடியாது என்று நான் சொன்னபோது அம்மா மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திறந்தார். பூச்சி உருண்டை வாசனையும் அதற்கடியில் பொடி வாசனையும் வந்தன.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை வெட்டினேன். ஒவ்வொன்றாக வெட்டும்போது எனக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். பெட்டியின் அடியில் ஒரு வேட்டிக்குள் சுருட்டி அவருடைய பட்டாபட்டி டவுசர்கள் இருந்தன. அவற்றை மட்டும் நான் தொடவில்லை. எங்கள் வீட்டில் அவற்றுக்குத் தனி வாளி. கொடியில்கூட வேட்டிக்குப் பின்னால் மறைத்துத்தான் காயும். பெற்ற அப்பாவின் டவுசரைப் பொம்பளைப் பிள்ளை கையால் பிரித்துப் பார்ப்பதா என்ற கூச்சம், அவர் செத்த பிறகும் போகவில்லை. சுருட்டிய வேட்டியை அப்படியே மூட்டையில் திணித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் பையைச் சங்கிலியிலிருந்து இறக்கி, மேல்வாயின் கயிற்றை அவிழ்த்தார். “பாக்கெட்டெல்லாம் பாத்துட்டீங்களாக்கா?” என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன். என் மூட்டையை உள்ளே போட்டு உலக்கையால் இடித்து இடித்து இறுக்கினார்கள். பையைத் திரும்ப மாட்டியபோது அது முன்பைவிட நிமிர்ந்து நின்றது. அப்பா உயரம் இருந்தது. வேண்டாத நினைப்பு என்று தலையை உதறிக்கொண்டேன்.

மாஸ்டர் என் கைகளில் துணிப்பட்டையைச் சுற்றி, உறை மாட்டி, நிற்கச் சொல்லிக் கொடுத்தார். இடது கை முன்னால், வலது கை கன்னத்தோடு, மோவாய் கீழே. “பயந்தா கை மேல வரத்தான் செய்யும். வரட்டும். ஆனா தெறந்து வரக்கூடாது, மூடி வரணும்” என்றார். சுவரிலிருந்த பெட்டி ‘பீப்’ என்றது. சுற்றிலும் எல்லோரும் மறுபடி கண்ணுக்குத் தெரியாத ஆட்களோடு சண்டையைத் தொடங்கினார்கள். நான் குத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குத்தில் பையிலிருந்து பொடி வாசனை வந்தது. மூன்றாவது குத்துக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக், டக்.

கண் திறந்து பார்த்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உறை மாட்டிய கைகள் தலையை மூடியிருந்தன. ‘பீப்’ வராததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மூச்சு மட்டும் ஸ், ஸ் என்று போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் ஆடிக்கொண்டிருந்த பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நிறுத்தினார். அது அசையாமல் நின்றது. அசையாமல் நின்றபிறகும் உள்ளே இன்னொரு முறை கேட்டது. டக். மாஸ்டர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“இன்னாக்கா கீது உள்ள?”

“எங்கப்பா. அடிப்பாரு” என்றேன். டப்பி மண்ணுக்குள் இருக்கிறது, சத்தம் இங்கே வருகிறது. அப்பா அடிப்பார் என்பதை என் வாழ்க்கையில் முதன்முறையாக வெளியாள் ஒருவரிடம் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் சொன்னேன், அதுவும் இரண்டே வார்த்தையில்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “சரி, அவரே இருக்காருன்னு வெச்சிக்கிங்க. அவர் கை உள்ள கட்டிக் கெடக்குது. உங்க கைதான் வெளிய கீது. எழுந்திருங்க.”

எழுந்தேன். எத்தனை குத்துக் குத்தினேன் என்று தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் அந்தத் தட்டல் வந்தது, ஒவ்வொரு தட்டலுக்கும் கை தலைக்குப் போகப் பார்த்தது, நான் போகவிடவில்லை. அழுதேன், மூக்கு ஒழுகியது, கெட்ட வார்த்தை சொன்னேன். அப்பா கேட்டிருந்தால் தோலை உரித்திருப்பார். ‘பீப்’ வந்து எல்லோரும் நின்ற பிறகும் நான் மட்டும் குத்திக்கொண்டிருந்தேனாம், மாஸ்டர் பிறகு சொன்னார்.

பையை இறக்கி அவிழ்த்தார்கள். மாஸ்டர் தோள்வரை கையை விட்டுத் துழாவி, வேட்டியை உருவி, அதற்குள்ளிருந்த டவுசரை எடுத்து உதறினார். அப்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டவுசர் பையிலிருந்து அப்பாவின் பொடி டப்பி விழுந்தது, மூடி நசுங்கி. அதைப் பார்த்துப் பயம் தெளிந்திருக்க வேண்டும். எனக்கோ அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. புதைத்தது எப்படி வந்தது?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டப்பியைக் கைப்பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. பஸ் குலுங்கும்போது சத்தம் வரவில்லை. சமமான ரோட்டில் ஒரு முறை வந்தது.

அம்மா அடுப்படியில் இருந்தார். நான் டப்பியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“சவப்பொட்டியில வெச்சேன்னு சொன்னியேம்மா.”

“வெக்கல.” கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “மண்ணுக்குள்ள படுத்துக்கினு தட்டினே இருப்பாருன்னு தோணிச்சு. அத்த கேட்டுக்கினு நான் எப்டிடி தூங்குவேன்? டவுசர் பையில போட்டு அடியில தள்ளிட்டேன். நீ எடுத்துக்கினு போறப்ப, தொலைஞ்சா தொலையட்டும்னு வுட்டேன்.”

இரண்டு வருஷமாக அவர் அந்த டிரங்குப் பெட்டி இருந்த அறையில் படுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதுகுவலி, தரை குளிர்ச்சி என்று என்னென்னவோ சொல்லி அடுப்படியிலேயே படுத்துக்கொண்டிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

இரண்டு பேரும் டப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நசுங்கிய மூடித் தகடு நிமிரும்போது சத்தம் வரத்தான் செய்யும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. யாரும் தொடவில்லை.

டக், டக்.

அம்மாவின் தலை தோளுக்குள் போய்விட்டது. இரண்டு உள்ளங்கைகளும் காதுகளை மூடியிருந்தன. என் கைகளும் எழுந்திருந்தன. ஒன்று முன்னால், ஒன்று கன்னத்தோடு, இரண்டும் மூடி.

அம்மா மெல்லத் தலையைத் தூக்கி முதலில் என் கைகளைப் பார்த்தார், பிறகு என்னை.

“வந்துட்டாருன்னு நெனச்சேன்டி.”

“வரட்டும்மா” என்றேன். கையை இறக்கவில்லை.