மொட்டை போடக் கூடாத தலை

எழுபதுகளில் சேலத்துப் பக்கம் திருவிழா மேடைகளில் நாடகம் போட்டேன். தொண்டை கெட்டதுதான் மிச்சம். பிறகு சென்னைக்குப் போய்த் தொலைக்காட்சியில் நுழைந்தேன். விவசாய நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கினேன். வாரத் தொடர் ஒன்றில் மூத்த மகனாக நடித்தேன். பெரிய நடிகன் எல்லாம் இல்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் மோகனூர்ப் பக்கம் டிவி தெரிய ஆரம்பித்ததும், எங்கள் ஊரில் என் முகம் பெரிய முகமாகிவிட்டது.

அப்பா மட்டும் மயங்கவில்லை. கரும்பு விவசாயி. ஒருமுறை ஊருக்குப் போனபோது கேட்டார்: "ஏஞ்சாமி, பொட்டிக்குள்ள அத்தனை வெவசாயம் பேசறயே, ஒரு நாளைக்கித் தண்ணி கட்றயா?"

கட்டினேன். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக்காரர் வயலுக்குப் போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவர் இறந்த தந்தி வந்த அன்று படப்பிடிப்பில் இருந்தேன். தயாரிப்பாளர் தோளைத் தட்டினார். "போய்ட்டு வாங்க. மொட்டை மட்டும் போட்டுடாதீங்க. தொடர்ல உங்க அப்பா உயிரோட இருக்காரு."

அந்த ஆள் அப்படித்தான் பேசுவான். ஊரும் அதையே பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன். வைக்கிறவன் தலையை மழிக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு மாற்று கிடையாது. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். மாமா, அம்மாவின் தம்பி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, சின்னவன் உக்காரட்டும். தலையை எடுத்துப்போட்டு அந்தப் பொட்டீல என்னத்தக் காட்டுவீங்க?"

"எங்கப்பனுக்கு நான்தானுங்க மூத்தவன்."

"ஆரு இல்லீன்னா? உங்க மூஞ்சியச் சொல்லித்தான் கெணத்துக்குக் கரண்டு கேட்டிருக்கறோம். இன்னம் வரல."

அப்பா பாடையில் கிடக்கிறார், இவர் கிணற்றுக்குக் கரண்டு பேசுகிறார். என் தம்பி அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான். "நானே உக்காந்துக்கறனுங்ண்ணா," என்றான். அவனுக்கு என் பிழைப்பு போய்விடக் கூடாதே என்ற பயம். அவன்மேல் கோபமில்லை. மற்ற எல்லோர்மேலும் இருந்தது.

"மழிங்க," என்று நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். "அங்க என்னங்க பார்வை? செத்தது எங்கப்பன்," என்று கத்தினேன். மழித்தார். மீசையும் போனது. கொள்ளிக்குடம் தூக்கிச் சுற்றி வந்து தீ வைத்தேன்.

சென்னையில் ஒரு டோப்பாவை மாட்டிப் பார்த்தார்கள். காக்காய்க் கூடு மாதிரி இருந்தது. அடுத்த வாரமே தொடரில் மூத்த மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பவே இல்லை. விவசாய நிகழ்ச்சியில் என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான். எனக்கு முடி வளர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஊருக்கே திரும்பி வந்து கரும்பு போட்டேன்.

கிணற்றுக்குக் கரண்டு பின்னால் வந்தது, என் முகம் இல்லாமலேயே. மாமா இன்றும் விசேஷ வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்கிறார்: "மசுருக்காகப் பொழப்பத் தொலைச்ச ஆளுங்க இவரு."

சொல்லட்டும். கொள்ளி வைத்தது நான்.