புலியைத் தடுத்த துணி

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த பையர் பக்கத்தில் இருக்கும்போது, காருக்குள் பத்து நிமிஷம் பேச்சில்லாமல் போனால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். கண்ணாடியை இறக்குவேன், ஏற்றுவேன், போனை எடுத்துப் பார்ப்பேன், கடைசியில் எதையாவது சொல்ல ஆரம்பித்துவிடுவேன். "வாய் மட்டும் இல்லேன்னா உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும்ட்டி" என்பாள் அம்மா. அந்த வாயை நம்பித்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி எனக்குப் பல வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறது. வேலையின் பெயர் மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் "ஆகிவிடும்" என்று சொல்வதுதான் வேலை. நூல் வந்திருக்காது, ஆகிவிடும் என்போம். துணி சாயப்பட்டறையைவிட்டே வெளியே வந்திருக்காது, ஆகிவிடும் என்போம். முதலில் சாம்பிளைக் காட்டித் தலையாட்ட வைத்துவிட்டு, பிறகுதான் சரக்குக்கு ஓடுவோம். ஊரே இப்படி ஓடும்போது நான் மட்டும் என்ன செய்ய.

இந்த வேலைக்கு ஒரு வால் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் மத்தியானத்தோடு முடிந்து, கோயமுத்தூரில் விமானம் இரவுக்குத்தான் என்றால், நடுவில் நான்தான் கைடு. அவிநாசிக் கோயில், முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வந்த கதை, அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைகள். நொய்யல் கரையில் மணி வாங்க ரோமாபுரி வணிகர்கள் வந்ததைச் சொல்லி, "உங்கள் ஆட்கள் அன்றைக்கே இங்கே ஆர்டர் கொடுத்தவர்கள்தான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தென்மாவட்டத்துக்காரி. பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு பஸ் ஏறி இங்கே வந்தவள். இந்த மண்ணின் கதை ஒன்றும் எனக்குப் பாட்டன் சொத்தாக வரவில்லை. டிரைவரிடம் ஒன்று, டீக்கடையில் ஒன்று என்று பொறுக்கியெடுத்து, உப்புப் புளி சேர்த்துச் சொல்வேன்.

அந்த ஐப்பசியில் வந்த அம்மையார் எங்கள் பழைய பையர். கோயிலும் பாத்திரமும் முதலையும் அவருக்கு அலுத்துவிட்டது. "புத்தகத்தில் இல்லாத ஏதாவது காட்டு" என்றார். சேவூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சோளக்காட்டின் வரப்போரம், வேலமரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்பதைப் பலமுறை கடந்திருக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

புலிகுத்திக் கல். கொங்கில் இப்படிப்பட்ட கற்கள் அங்கங்கே உண்டு. பின்னங்கால்களில் எழுந்து நிற்கிற புலியின் வயிற்றில் ஒருவர் ஈட்டியைச் செருகுகிறார். இந்தக் கல்லில் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருந்தாள், ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி. புலியோடு சண்டை போட்டுச் செத்தவருக்கு வைத்த கல் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அம்மையார் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "இந்தப் பெண் யார்?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் நாக்குக்கு அந்தச் சொல் பழக்கமில்லை.

"அவருடைய மனைவி, நெசவுக்காரி" என்றேன். ஆரம்பித்ததும் மீதி தானாக வந்தது. அவள் தறியிலிருந்து அறுத்த துணியைக் கணவரின் கையில் சுற்றிவிட்டாளாம். புலியின் பல் அந்தத் துணியைத் தாண்டி இறங்கவில்லையாம். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் துணிதான் தெய்வமாம். கடைசி வரியில் எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் கூச்சம் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. புதிதாக வரப்போகிற டீ-சர்ட்டின் கழுத்தில் தொங்கும் டேக்கில் அந்தக் கல்லின் ஓவியம், கீழே ஆங்கிலத்தில் நாலு வரிக் கதை. புலியைத் தடுத்த துணி. அப்ரூவல் கொடு என்று கேட்டிருந்தார்.

அன்று நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. கட்டிங் பக்கம் போனேன், அயர்னிங் பக்கம் போனேன், ஒரு வேலையும் இல்லாமல் மாடிக்கு ஏறி இறங்கினேன். முதலாளி வேறு டேக்கைப் பார்த்துவிட்டு, "மேடங்க, இது சூப்பருங்க. நம்மூருப் பெருமைங்க" என்றார். சாயங்காலம் "அப்ரூவ்டு" என்று அடித்து அனுப்பினேன். எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல் போய்விட்டால் போனதுதான். அதற்குப் பிறகு சரக்குதான் சாம்பிளுக்கு ஒத்துப்போக வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மார்கழியில் இன்னொரு மெயில் வந்தது. கல் இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கும் கடிதம் கேட்பவர்கள் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள்.

டேக் ஒன்றையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். காட்டுக்குள் வீடு, வீட்டையொட்டி மாட்டுப்பட்டி, அந்தப் பக்கம் ஆறு தையல் மெஷின் ஓடும் ஒரு ஷெட். வெளியே வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தோளில் அறுந்த நூல் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கல் இருந்த பக்கம் பார்த்தார்.

"அந்தக் கல்லுல எங்களுக்குப் பெருமை ஒண்ணும் இல்லீங்க. எங்க தப்புக்கு நட்ட கல்லுங்க அது."

நின்றபடியே சொன்னார். "எங்கூட்டுக்காரரு முப்பாட்டன் காலத்துல பண்ணையத்துல மாடு மேச்சவருங்க அந்தக் கல்லுல நிக்கறவரு. புலி வந்தப்ப மாட்டப் பூராவும் பட்டிக்குள்ள ஓட்டிப்போட்டுக் கடைசியா வந்தாராமா. எங்காளுங்க பயத்துல உள்ளிருந்து படலைச் சாத்திப்போட்டாங்க. தொறங்க சாமின்னு கூப்புட்டிருக்காரு. தொறக்கலீங்க."

படல் என்பது பட்டிக்குப் போடுகிற முள்ளும் கோலும் கட்டிய கதவு. அவருக்குப் பின்னால் ஒன்று சாய்ந்து நின்றது.

"அந்தப் பொம்பளை?" என்றேன்.

"அவரோட அம்மாங்க. சாபம் உடறதுக்குக் கையத் தூக்கிட்டு இந்தப் படல் முன்னால நின்னாங்களாமா. அப்பறம் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்களாமா. சாபம் உட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு எங்க மாமியா சொல்லுவாங்க." வருஷா வருஷம் பட்டிப் பொங்கலன்று (மாட்டுப் பொங்கலுக்கு இங்கே அதுதான் பெயர்) விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்த வீட்டில் படலையும் சாத்துவதில்லை, கதவையும் சாத்துவதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மாடு மேய்த்தவருடைய வகையறா வந்து முதல் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குச் சோறு.

"நீங்க என்னனு எழுதியிருக்கறீங்க? எனக்கு இங்கிலீசு வராது. படிச்சுச் சொல்லுங்க" என்று டேக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் டேக்கைக் கண்முன் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி, அவர் சற்று முன் சொன்னதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டினேன். படலை, கூப்பிட்டதை, அம்மாவின் கையை. நாலு வரிக்குள் அவ்வளவு அடங்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. நாக்கு ஓரிடத்திலும் திக்கவில்லை. தொழில் பழக்கம்.

"நல்லதுங்க" என்றார். "எங்க வாயால வெளியாளுங்ககிட்டச் சொன்னதில்லீங்க. கடல் தாண்டிப் போகட்டும்." கையெழுத்துப் போட்டார். "இதுல ஒண்ணு எனக்குக் குடுங்க. பொங்கலுக்குக் கல்லுல கட்டறேன். அவுங்க வகையறாவும் பாக்கட்டும். நீங்களும் வரோணும்."

அதற்குப் பிறகு பேக்கிங் செக்‌ஷனில் டேக் அடிக்கும் கன் டக் டக் என்று நாள் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சட்டை. சொல்லிவிடுவது என்று முதலாளி அறைக்கு இரண்டு முறை போனேன். ஒரு முறை பட்டன் கலரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன், இன்னொரு முறை லீவு கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போவதற்குள் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. மானம் கப்பலேறியது என்பார்கள். எனக்குப் பொய் கப்பலேறியது, அதுவும் என் சொந்தச் சீமைத் துறைமுகத்திலிருந்து.

பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகிவிடும். எங்கள் பக்கத்து ஜனங்கள் பஸ் பஸ்ஸாக ஊருக்குப் போய்விடுவார்கள். "நீ ஏம்ட்டி வரல?" என்று அம்மா போனில் கேட்டாள். வேலை என்றேன். பட்டிப் பொங்கலன்று மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்தேன். அவிநாசியில் ஒரு முறை திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. மறுபடி கிளம்பினேன்.

கல்லைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தார்கள். ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் கட்டிய கொத்தில் என் டேக் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எல்லோரையும் கூப்பிட்டார். "இவங்கதானுங்க வெளிநாட்டுக்கு எழுதி அனுப்புனவங்க. மேடங்க, இவங்களுக்கும் படிச்சுச் சொல்லுங்க."

மாடு மேய்த்தவருடைய வகையறாவிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் என்றார்கள். டேக்கைக் கண்டால் படிக்காமல் விடாத ஆள் என்பது அவர் அதைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது. உதடு அசையாமல் நாலு வரியையும் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டேக்கை நேராகத் தொங்கவிட்டுவிட்டு, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார்.

மறுபடியும் அதே கதையைப் படித்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். அவரும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் என்னைக் கொன்றது. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கூப்பிட்டதைக் கேட்டும் கேளாமல் இருந்தவர்கள் நடுவில், நானும் ஒருத்தியாக நிற்க வேண்டியிருக்கும்.

"இதுல உங்க கதை இல்லைங்க" என்றேன். "நான் அன்னைக்குப் படிச்சது பொய். இதுல இருக்கறதும் நான் கட்டுன பொய்தான்." பிறகு நெசவுக்காரி, துணி, புலிப்பல் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். தமிழில் கேட்க அது படு கேவலமாக இருந்தது. சரக்கு கப்பலேறிவிட்டது, இனித் திருப்ப முடியாது என்பதையும் சொன்னேன்.

மாட்டுக் கழுத்து மணிச் சத்தம்தான் கேட்டது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. நான் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினேன்.

"நில்லுங்க" என்றார். "நாளைக்கு வந்து இதச் சொல்லியிருந்தீங்கன்னா மூஞ்சிலயே கதவச் சாத்தியிருப்பேனுங்க. இன்னைக்கு முடியாது. உள்ள போய்ச் சாப்புடுங்க."

போனேன். முதல் பந்தியில் அந்த சூப்பர்வைசர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அந்தப் பெண் இலையில் பொங்கலை வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாப்பாடு முடியும்வரை நான் வாயைத் திறந்து ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு எழுந்ததும், நகலை மட்டும் பையருக்கு அனுப்பிவிட்டு என் பையிலேயே வைத்திருந்த கடிதத்தை அந்தப் பெண் கேட்டு வாங்கிக் கிழித்தார். பையருக்கு அன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். இன்றுவரை பதில் இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, நானாகவே எழுந்து வெளியே வந்தேன். கல்லிலிருந்து டேக்கை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் படலை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.